கத்ரீனா சூறாவளிக்குப் பிந்தைய மீள்வாழ்வு உதவிகள்

கத்ரீனா சூறாவளிக்குப் பிந்தைய மீள்வாழ்வு உதவிகள் என்பன 2005 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில் ஐக்கிய அமெரிக்காவின் மெக்சிக்கோ வளைகுடாக் கரையைத் தாக்கிய கத்ரீனா சூறாவளியால் வீடும் வாழ்வாதாரமும் இழந்தோருக்கு அந்நாட்டு நடுவண் அரசும், மாநில அரசுகளும், தொண்டு நிறுவனங்களும், மக்கள் தாமே அமைத்துக்கொண்ட குழுக்களும் வழங்கிய உதவிகளைக் குறிக்கும். இவற்றுள் லூசியானா மாநிலத்தின் நியூ ஓர்லியன்ஸ் நகருக்கு வழங்கப்பட்டவையே அளவில் பெரியவை. அதிகம் ஆராயப்பட்டவையும் அவையே. நடுவண் அரசு மட்டும் 12,000 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. எனினும் அப்பணம் யாருக்கு, எந்தக் கணக்கின்படி, எப்பொழுது சென்றடைந்தது என்பதே யார் ஊர் திரும்பினர், யார் திரும்பவில்லை என்பதைப் பெருமளவு தீர்மானித்தது.

பின்னணி

கத்ரீனா 2005 ஆகஸ்ட் 25 அன்று புளோரிடாவைக் கடந்து, மெக்சிக்கோ வளைகுடாவின் வெப்பநீரில் வலுப்பெற்று, ஆகஸ்ட் 29 அன்று காலை லூசியானாவின் தென்கிழக்கில் மூன்றாம் வகைச் சூறாவளியாகக் கரையைக் கடந்தது. மிசிசிப்பி மாநிலக் கரையில் கடல் 8 மீட்டருக்கு மேல் எழுந்து ஊர்களைத் துடைத்துச் சென்றது. நியூ ஓர்லியன்சில் நிகழ்ந்தது வேறு. நகரின் பெரும்பகுதி கடல்மட்டத்தை விடத் தாழ்ந்தது. பாண்ட்சார்ட்ரெயின் ஏரிக்கும் மிசிசிப்பி ஆற்றுக்கும் இடையே கிண்ணம் போல் அமைந்த அந்நகரைக் காத்துவந்த கரைகளும் கால்வாய்த் தடுப்புச் சுவர்களும் ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் உடைந்தன. நகரின் ஏறத்தாழ 80 விழுக்காடு நீரில் மூழ்கியது. சில பகுதிகளில் வாரக்கணக்கில் நீர் வடியவில்லை.

இறந்தோர் தொகை 1,833 என நெடுங்காலம் குறிக்கப்பட்டு வந்தது. 2023 ஆம் ஆண்டு அமெரிக்கத் தேசியச் சூறாவளி மையம் அதனை 1,392 எனத் திருத்தியது. சேதமதிப்பு 12,500 கோடி டாலர்.

தடுப்புச் சுவர்களில் சில, அவை தாங்குமாறு வடிவமைக்கப்பட்ட நீர்மட்டத்துக்குக் கீழேயே சரிந்தன. அவற்றைக் கட்டிய தரைப்படைப் பொறியாளர் படை வடிவமைப்புக் குறைகளை 2006 ஆம் ஆண்டு ஒப்புக்கொண்டது. ஆயினும் 1928 ஆம் ஆண்டின் வெள்ளக் கட்டுப்பாட்டுச் சட்டம் அரசுக்கு வழக்கிலிருந்து விலக்களித்திருந்ததால், கால்வாய்ச் சுவர்கள் உடைந்தமைக்கு இழப்பீடு கோரிய வழக்கு 2008 ஆம் ஆண்டு தள்ளுபடியானது. ஆகவே மக்களுக்குக் கிடைத்தது இழப்பீடு அன்று, உதவித்தொகை. இந்த வேறுபாடு கட்டுரையின் பிற்பகுதியை விளங்கிக்கொள்ளத் தேவையானது.

முதல் வாரங்கள்

நகரைவிட்டு வெளியேறுமாறு மேயர் ரே நேகின் ஆகஸ்ட் 28 அன்று ஆணையிட்டார். சொந்தமாக மகிழுந்து இல்லாதோர் பலர் வெளியேற இயலவில்லை. கடைசிப் புகலிடமாக அறிவிக்கப்பட்ட சூப்பர்டோம் விளையாட்டரங்கிலும், பின்னர் மாநாட்டு மண்டபத்திலும் பல்லாயிரவர் உணவும் நீரும் போதாமல் பல நாட்கள் தவித்தனர். கடலோரக் காவல்படையின் உலங்கு வானூர்திகள் கூரைகளிலிருந்து மக்களை மீட்டன. அரசுப் படகுகள் போதாத இடங்களில் லூசியானாவின் மீனவர்களும் வேட்டைக்காரர்களும் தம் சொந்தப் படகுகளைக் கொண்டுவந்து மீட்புப் பணியில் இறங்கினர். 'கேஜன் கடற்படை' எனச் செல்லமாக அழைக்கப்பட்ட இந்த வழக்கம் 2016 பேட்டன் ரூச் வெள்ளத்தின் போதும் 2017 ஹார்வி சூறாவளியின் போதும் தொடர்ந்தது.

நெருக்கடிகால உதவிகளுக்குப் பொறுப்பான நடுவண் அமைப்பு ஃபீமா எனச் சுருக்கமாக வழங்கப்படும் நடுவண் நெருக்கடிகால மேலாண்மை முகமை ஆகும். அதன் செயற்பாடு கடும் கண்டனத்துக்குள்ளாகி, அதன் இயக்குநர் மைக்கேல் பிரவுன் செப்டம்பர் 12 அன்று பதவி விலகினார். அமெரிக்கப் பேராயம் செப்டம்பர் 2 அன்று 1,050 கோடி டாலரும், ஆறு நாட்கள் கழித்து 5,180 கோடி டாலரும் ஒதுக்கியது.

சூப்பர்டோமில் இருந்தோர் பேருந்துகளில் டெக்சாசின் ஹியூஸ்டன் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டு ஆஸ்ட்ரோடோம் விளையாட்டரங்கில் தங்கவைக்கப்பட்டனர். ஒட்டுமொத்தமாகப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தனர். ஹியூஸ்டன் நகர நிருவாகம் அரங்கை விரைவில் காலிசெய்து, குடும்பங்களை வாடகைக் குடியிருப்புகளுக்கு மாற்றிப் பிள்ளைகளைப் பள்ளிகளில் சேர்த்தது. இடம்பெயர்ந்தோரை ஏற்றுக்கொள்வதில் ஒரு நகரம் எவ்வாறு செயற்படலாம் என்பதற்கு இது இன்றும் நல்ல எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது. அங்குச் சென்றோரில் பலர் அங்கேயே தங்கிவிட்டனர்.

வெளிநாட்டு உதவிகளும் வந்தன. இந்தியா அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு 50 இலட்சம் டாலர் வழங்கியதுடன், வான்படை விமானம் ஒன்றில் போர்வைகள், தார்ப்பாய்கள் முதலிய பொருட்களையும் அனுப்பியது. எட்டு மாதங்களுக்கு முன்னர் ஆழிப்பேரலையால் பேரழிவுக்குள்ளான இலங்கை 25,000 டாலர் அளித்தது. தொகை சிறிதெனினும் அது வந்த இடத்தைக் கொண்டு மதிக்கப்பட வேண்டியது. வெளிநாடுகள் முன்வந்து அறிவித்த பெருந்தொகைகளில் பெரும்பகுதி ஏற்கப்படவோ பயன்படுத்தப்படவோ இல்லை. அவற்றைப் பெற்றுச் செலவிடுவதற்கான முறைவழி அமெரிக்க அரசிடம் முன்கூட்டியே இருக்கவில்லை.

ஃபீமாவின் நேரடி உதவிகள்

1988 ஆம் ஆண்டின் ஸ்டாஃபோர்டு சட்டத்தின்படி, பேரிடர் அறிவிக்கப்பட்ட பகுதிகளில் தனிப்பட்ட குடும்பங்களுக்கு ஃபீமா உதவலாம். 2005 ஆம் ஆண்டு ஒரு குடும்பத்துக்கு உச்சவரம்பு 26,200 டாலர். காப்பீடு ஈடுசெய்யாத அவசரத் தேவைகளுக்கான தொகையே இது. வீட்டை மீண்டும் கட்டி முடிப்பதற்கு இது போதாது. சட்டத்தின் நோக்கமும் அதுவன்று.

தொடக்கத்தில் ஹியூஸ்டனில் குடும்பங்களுக்கு 2,000 டாலர் மதிப்புள்ள பண அட்டைகள் வழங்கப்பட்டன. சில நாட்களிலேயே அது நிறுத்தப்பட்டு, பணம் வங்கிக் கணக்கு வழியாகச் செலுத்தப்பட்டது. விடுதி அறைகளுக்கான வாடகையை ஃபீமா மாதக்கணக்கில் செலுத்தியது. மூன்று உல்லாசக் கப்பல்களையும் 23.6 கோடி டாலருக்கு ஆறு மாதம் ஒப்பந்தம் செய்தது. தகுதியற்ற விண்ணப்பங்களுக்கு ஏறத்தாழ 100 கோடி டாலர் சென்றிருக்கலாம் என அரசுக் கணக்காய்வு அலுவலகம் 2006 ஆம் ஆண்டு மதிப்பிட்டது. பின்னர் ஃபீமா பல குடும்பங்களிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டது. முகமையின் தவறால் கூடுதல் பணம் பெற்றவர்களும், நல்லெண்ணத்துடன் செலவிட்டு முடித்தவர்களும் அவர்களுள் இருந்தனர். அத்தகையோரின் கடனைத் தள்ளுபடி செய்ய 2011 ஆம் ஆண்டின் இறுதியில் தனிச்சட்டம் இயற்றப்பட வேண்டியதாயிற்று.

தற்காலிகக் குடியிருப்புக்காக 1,40,000 க்கும் மேற்பட்ட இழுவை வீடுகள் வழங்கப்பட்டன. இவை வண்டியில் பூட்டி இழுத்துச் செல்லக்கூடிய, சக்கரங்கள் கொண்ட சிறு வீடுகள். விடுமுறைப் பயணத்துக்கென ஆக்கப்பட்ட இவற்றில் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன. ஒட்டுப்பலகைகளிலிருந்து வெளியான ஃபார்மால்டிஹைடு வளியால் கண் எரிச்சலும் மூச்சுத்திணறலும் ஏற்படுவதாகக் குடியிருந்தோர் 2006 முதல் முறையிட்டனர். நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையங்கள் 2008 பெப்ரவரியில் வெளியிட்ட ஆய்வு முடிவு அம்முறையீட்டை உறுதிப்படுத்தியது. நியூ ஓர்லியன்சின் கடைசி இழுவை வீடு அகற்றப்பட்டது 2012 பெப்ரவரியில்தான்.

காப்பீடு

அமெரிக்காவில் வீட்டுக் காப்பீடு காற்றினால் ஏற்படும் சேதத்தை ஈடுசெய்யும். வெள்ளச் சேதத்தை ஈடுசெய்யாது. வெள்ளத்துக்கு 1968 இல் தொடங்கப்பட்ட தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் தனியே சேரவேண்டும். ஆகவே வீடு இடிந்தது காற்றினாலா நீரினாலா என்பது பல்லாயிரம் வழக்குகளின் மையக் கேள்வியாயிற்று. மிசிசிப்பிக் கரையில் படிக்கட்டு மட்டுமே எஞ்சியிருந்த மனைகளில் இதற்கு விடை காண்பது எளிதன்று. அம்மாநிலத்தின் செனட்டரான டிரெண்ட் லாட் கூடத் தம் காப்பீட்டு நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தார் என்றால், சாதாரண மக்களின் நிலையை ஊகிக்கலாம். வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் கத்ரீனாவுக்காக 1,600 கோடி டாலருக்கு மேல் வழங்கி, அதற்காகக் கருவூலத்திடம் கடன்பட்டது.

ரோட் ஹோம் திட்டம்

வீடு திரும்பும் பாதை எனப் பொருள்படும் 'ரோட் ஹோம்' லூசியானா மாநில அரசு 2006 ஆம் ஆண்டு தொடங்கிய வீட்டு மானியத் திட்டமாகும். இதற்கான பணத்தை நடுவண் அரசின் வீட்டுவசதி, நகர்ப்புற வளர்ச்சித் துறை வழங்கியது. ஏறத்தாழ 1,30,000 வீட்டு உரிமையாளர்களுக்கு 900 கோடி டாலர் அளவில் மானியம் வழங்கப்பட்டது. அமெரிக்க வரலாற்றில் அதுவரை நடைபெற்ற வீட்டு மீட்புத் திட்டங்களுள் இதுவே மிகப் பெரியது.

ஒரு வீட்டுக்கு உச்சவரம்பு 1,50,000 டாலர். மானியத்தைக் கணக்கிடும் முறை பின்வருமாறு: சூறாவளிக்கு முன்பு வீட்டுக்கு இருந்த சந்தை மதிப்பு, சேதத்தைச் சரிசெய்ய ஆகும் செலவு ஆகிய இரண்டில் எது குறைவோ அது எடுத்துக்கொள்ளப்படும். அதிலிருந்து காப்பீட்டுப் பணமும் ஃபீமா உதவியும் கழிக்கப்படும். வெள்ளப் பகுதியில் இருந்தும் உரிய காப்பீடு எடுக்காதோருக்கு 30 விழுக்காடு குறைக்கப்படும். மனையை அரசுக்கு விற்றுவிட்டு வேறு மாநிலம் செல்வோருக்கு வீட்டு மதிப்பில் 60 விழுக்காடே அடிப்படையாகும். முதியோருக்கு இதில் விலக்கு இருந்தது.

தாளில் பார்க்கையில் நடுநிலையான இவ்விதி நடைமுறையில் அவ்வாறு அமையவில்லை. ஒரே அளவும் ஒரே கட்டுமானமும் கொண்ட இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டையும் சரிசெய்ய 2,00,000 டாலர் தேவை எனவும், இரண்டுக்கும் காப்பீடு ஏதும் கிடைக்கவில்லை எனவும், வேறு கழிவுகள் இல்லை எனவும் கொள்வோம். முதல் வீடு நிலவிலை கூடிய பகுதியில் 3,00,000 டாலர் மதிப்புடையது. அதற்கு உச்சவரம்பான 1,50,000 டாலர் கிடைக்கும். இரண்டாவது வீடு நிலவிலை குறைந்த பகுதியில் 80,000 டாலர் மதிப்புடையது. அதற்கு 80,000 டாலரே கிடைக்கும். மரமும் சிமெந்தும் கொத்தனார் கூலியும் இரு தெருக்களிலும் ஒன்றுதான். முதலாமவர் 50,000 டாலர் தேடவேண்டும். இரண்டாமவர் 1,20,000 டாலர் தேடவேண்டும்.

நியூ ஓர்லியன்சில் நிலவிலை இனப் பிரிவினையின் வரலாற்றோடு பிணைந்தது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளில் வீடுகளின் விலை நெடுங்காலமாகவே தாழ்ந்திருந்தது. இதனைச் சுட்டிக்காட்டி, வீட்டு உரிமைகளுக்கான உள்ளூர் அமைப்பு ஒன்றும் வீட்டு உரிமையாளர்கள் ஐவரும் 2008 ஆம் ஆண்டு வழக்குத் தொடர்ந்தனர். குறைந்த வருமானமுள்ளோருக்கான கூடுதல் மானியத்தின் மீதிருந்த 50,000 டாலர் வரம்பு பின்னர் நீக்கப்பட்டது. வழக்கு 2011 ஆம் ஆண்டு இணக்கமாக முடிந்து, ஏறத்தாழ 1,300 குடும்பங்களுக்கு மேலும் 6.2 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. அதற்குள் ஆறு ஆண்டுகள் கடந்திருந்தன.

மற்றொரு தடை உரிமைப் பத்திரம். கீழ் ஒன்பதாம் வட்டம் எனப்படும் பகுதியில் ஏழைகள் மிகுதி எனினும், சொந்த வீட்டில் வாழ்வோர் விகிதம் நகரச் சராசரியைவிடக் கூடுதல். பாட்டன் கட்டிய வீட்டில் பேரன் வாழ்வான். பத்திரம் பாட்டன் பெயரிலேயே இருக்கும். பாகப்பிரிவினை செய்யாத குடும்பச் சொத்தும், பெயர் மாற்றாத பட்டாவும் நம்மவர்க்குப் புதியவை அல்ல. மானியம் கோரிய வேளையில்தான் வாரிசுகள் அனைவரின் ஒப்பமும் தேவைப்பட்டது. அவ்வாரிசுகளோ வெள்ளத்தால் பல மாநிலங்களில் சிதறியிருந்தனர். சட்ட உதவி அமைப்புகள் இக்குடும்பங்களுக்காகக் கட்டணமின்றி வழக்காடின. ஆரவாரமில்லாத இப்பணியின் பயன், புதிதாய்க் கட்டப்பட்ட பல வீடுகளின் பயனுக்குக் குறைந்ததன்று.

மானியத்தோடு வீட்டைத் தரைமட்டத்திலிருந்து உயர்த்திக் கட்டுவதற்கு 30,000 டாலர் வரை தனியே கொடுக்கப்பட்டது. வீட்டுப் பழுதுக்கே பணம் போதாத பலர் அதனையும் பழுதுக்குச் செலவிட்டனர். அவ்வாறு செய்யலாம் என அலுவலர்களே கூறியதாகப் பலர் தெரிவித்தனர். பல ஆண்டுகளுக்குப் பின் மாநில அரசு அப்பணத்தைத் திருப்பிக் கேட்டு ஆயிரக்கணக்கானோர் மீது வழக்குத் தொடுத்தது. 2022 ஆம் ஆண்டு செய்தியாளர்கள் கூட்டாகச் செய்த ஆய்வு ஒன்று, எல்லா உதவிகளையும் சேர்த்த பின்னரும் நகரின் மிக ஏழ்மையான பகுதிகளில் சீரமைப்புச் செலவில் 30 விழுக்காட்டையும், செல்வம் மிக்க பகுதிகளில் 20 விழுக்காட்டையும் உரிமையாளர்களே ஏற்க நேர்ந்ததாகக் கண்டது. 2023 பெப்ரவரியில் அவ்வழக்குகள் கைவிடப்படும் என அறிவிக்கப்பட்டது.

வாடகைக் குடியிருப்போர்

மேற்கூறிய திட்டங்கள் பெரும்பாலும் வீட்டு உரிமையாளரை நோக்கியவை. நகர மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வாடகைக்குக் குடியிருந்தவர்கள். வீடுகள் அழிந்ததால் வாடகை பெரிதும் உயர்ந்தது. நான்கு பெரிய பொதுக் குடியிருப்புத் தொகுதிகளை இடிக்க நகர மன்றம் 2007 டிசம்பர் 20 அன்று ஒருமனதாக ஒப்புதல் அளித்தது. வெளியே திரண்டிருந்த எதிர்ப்பாளர்களுக்கும் காவல்துறைக்கும் அன்று மோதல் ஏற்பட்டது. இடிக்கப்பட்டவை ஏறத்தாழ 4,500 வீடுகள். அவ்விடங்களில் பல்வேறு வருமானத்தினரும் கலந்து வாழும் புதிய குடியிருப்புகள் எழுந்தன. அவை தோற்றத்திலும் வசதியிலும் முந்தையவற்றைவிட மேலானவை. ஆயினும் ஏழைகளுக்கென ஒதுக்கப்பட்ட வீடுகளின் எண்ணிக்கை குறைந்தது.

அண்டை அயலார் அமைப்புகள்

மேயர் அமைத்த மறுசீரமைப்பு ஆணையக் குழு 2006 சனவரியில் ஒரு வரைபடத்தை முன்வைத்தது. தாழ்ந்த பகுதிகள் சிலவற்றில் பூங்காக்களும் திறந்தவெளிகளும் அமையலாம் என்பதைக் காட்டப் பச்சை வட்டங்கள் இடப்பட்டிருந்தன. நாளிதழில் அதனைக் கண்ட மக்கள் தம் வீடு பச்சை வட்டத்துக்குள் இருப்பதை அறிந்து கொதித்தெழுந்தனர். குறிப்பிட்ட காலத்துக்குள் போதிய மக்கள் திரும்புவர் என மெய்ப்பிக்காவிடில் அப்பகுதி கைவிடப்படலாம் என்ற அச்சம் பரவியது.

அவ்வாறு வட்டமிடப்பட்ட பகுதிகளுள் ஒன்று புரோட்மூர். அங்கிருந்த குடியிருப்போர் சங்கம் தெருத்தெருவாக ஆட்களைப் பொறுப்பாக்கி, வெளியூர்களில் இருந்தோரைத் தொடர்புகொண்டு, யார் திரும்புகிறார் எனக் கணக்கெடுத்தது. ஆர்வர்டு பல்கலைக்கழக மாணவர்களின் துணையுடன் தம் பகுதிக்கான திட்டத்தையும் தாமே தீட்டினர். மூழ்கிப்போன நூலகம் 2012 ஆம் ஆண்டு மீண்டும் திறக்கப்பட்டது. பச்சை வட்டத் திட்டம் செயற்படுத்தப்படாமலே கைவிடப்பட்டது.

நகரின் கிழக்கு விளிம்பில் வாழ்ந்த வியட்நாமிய மக்கள் மிக விரைவாகத் திரும்பியோருள் அடங்குவர். போரினால் 1975 க்குப் பின் அகதிகளாக வந்த இவர்களுக்கு வியட்நாமின் அரசியான மரியாள் ஆலயம் கூடுமிடமாக இருந்தது. வாடிக்கையாளர் திரும்பியதற்குச் சான்று இருந்தாலன்றி மின்சாரம் தர இயலாது என மின் நிறுவனம் கூறியபோது, பங்குத்தந்தை வியென் தே நுயென் திருப்பலியில் கூடிய மக்களின் ஒளிப்படங்களையும் பெயர்ப்பட்டியலையும் கொண்டுசென்று காட்டினார். 2006 ஆம் ஆண்டு இப்பகுதிக்கு அருகே இடிபாடுகளைக் கொட்டுவதற்குக் குப்பைமேடு திறக்கப்பட்டது. அதனை எதிர்த்து முதியோரும் இளையோரும் ஒன்றாகப் போராடி, அதே ஆண்டு ஆகஸ்டில் மூடச்செய்தனர்.

கறுப்பின மக்களிடையே 'சமூக உதவி, மகிழ்வுக் கழகங்கள்' பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் உள்ளன. உறுப்பினரின் நோய்க்கும் ஈமச்செலவுக்கும் உதவுவதற்கெனத் தோன்றிய இவை, இலங்கைக் கிராமங்களின் மரண உதவிச் சங்கங்களை நினைவூட்டுபவை. ஞாயிறு தோறும் பித்தளை வாத்தியங்களுடன் தெருவில் ஊர்வலம் செல்வது இவற்றின் வழக்கம். 2006 சனவரியில் பல கழகங்கள் ஒன்றுசேர்ந்து நடத்திய ஊர்வலத்தில் கலந்துகொள்ள, பிற மாநிலங்களில் தங்கியிருந்தோரும் வந்தனர். ஊர்வலத்துக்காக ஊர் வந்தவர், மூடிக்கிடந்த தம் வீட்டையும் எட்டிப் பார்த்துச் சென்றனர்.

தொண்டர்களும் கொடையாளரும்

சூறாவளிக்குப் பின் சில நாட்களிலேயே, ஆற்றின் மறுகரையில் வெள்ளம் புகாத அல்ஜியர்சு பகுதியில், மாலிக் ரகீம் முதலியோர் காமன் கிரவுண்டு என்ற கூட்டமைப்பைத் தொடங்கினர். அதன் இலவச மருத்துவ நிலையம் முதலில் ஒரு பள்ளிவாசலில் இயங்கியது. கல்லூரி மாணவர்களும் சமயக் குழுக்களும் விடுமுறை தோறும் வந்து, பூஞ்சணம் பிடித்த வீடுகளின் உட்சுவர்ப் பலகைகளைப் பெயர்த்து, சட்டகம் மட்டும் எஞ்சும்வரை துப்புரவாக்கினர். கடும் உழைப்பான இவ்வேலையைக் கூலிக்குச் செய்விக்கப் பல்லாயிரம் டாலர் ஆகும்.

அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் 200 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. எனினும் அதன் மேலாண்மை குறை கூறப்பட்டு, தலைவர் 2005 டிசம்பரில் பதவி விலகினார். ஹேபிடட் பார் ஹியூமானிட்டி அமைப்பு, இசைக்கலைஞர்களான ஹாரி கானிக் இளையவர், பிரான்போர்டு மார்சாலிசு ஆகியோருடன் இணைந்து 72 வீடுகள் கொண்ட இசைஞர் சிற்றூரை அமைத்தது. பயனாளிகள் வட்டியில்லாக் கடனுடன் தம் உழைப்பையும் பங்காகத் தந்தனர்.

நடிகர் பிராட் பிட் 2007 ஆம் ஆண்டு தொடங்கிய அமைப்பு, கீழ் ஒன்பதாம் வட்டத்தில் 150 வீடுகள் கட்டத் திட்டமிட்டு 109 வீடுகளைக் கட்டியது. உலகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்த அவற்றில், நியூ ஓர்லியன்சின் மழைக்கும் ஈரப்பதத்துக்கும் ஒவ்வாத கூரைகளும் மரங்களும் பயன்பட்டமையால் சில ஆண்டுகளிலேயே ஒழுக்கும் உளுத்தலும் தோன்றின. குடியிருப்போர் 2018 ஆம் ஆண்டு வழக்குத் தொடர்ந்தனர். 2022 ஆம் ஆண்டு 2.05 கோடி டாலருக்கு எட்டப்பட்ட உடன்பாடும், பணம் தருவதாக ஏற்ற நிறுவனம் தவறியமையால் நிறைவேறாமல் போயிற்று.

சட்ட மாற்றங்களும் பின்விளைவுகளும்

2006 அக்டோபரில் ஃபீமாவைச் சீரமைக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வளர்ப்பு விலங்குகளை விட்டுவர மறுத்துப் பலர் வெள்ளத்தில் தங்கிவிட்டதால், வெளியேற்றத் திட்டங்களில் அவற்றுக்கும் இடமளிக்க வேண்டும் என அதே ஆண்டு மற்றொரு சட்டம் வகுத்தது. பொறியாளர் படை ஏறத்தாழ 1,450 கோடி டாலர் செலவில் புதிய கரைகள், மதகுகள், நீரேற்று நிலையங்களை அமைத்தது. 2021 ஆகஸ்ட் 29 அன்று, கத்ரீனா தாக்கிய அதே நாளில், கத்ரீனாவைவிட வலிய காற்றுடன் ஐடா சூறாவளி கரையைக் கடந்தபோது அக்கரைகள் உடையவில்லை. நகரம் மூழ்கவில்லை, ஆனால் முழு நகரமும் மின்சாரம் இழந்தது.

நியூ ஓர்லியன்சின் மக்கள்தொகை 2000 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 4,84,674 ஆகவும், 2010 இல் 3,43,829 ஆகவும், 2020 இல் 3,83,997 ஆகவும் இருந்தது. 2000 க்கும் 2010 க்கும் இடையே கறுப்பின மக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 1,18,000 குறைந்தது. வெள்ளையரின் எண்ணிக்கை ஏறத்தாழ 24,000 குறைந்தது. வசதி மிக்க லேக்வியூ பகுதியும் கீழ் ஒன்பதாம் வட்டமும் ஒரே நாளில் மூழ்கியவை. லேக்வியூவில் வீடுகள் பெரும்பாலும் மீண்டும் எழுந்துவிட்டன. கீழ் ஒன்பதாம் வட்டத்தில் பல தெருக்களில் இரண்டொரு வீடுகளும், புல் மண்டிய வெற்று மனைகளும், வீடில்லாத வாசற்படிகளும் காணப்படுகின்றன.